பெரிய பன்றி 'பிக் பிக்' ஆவது ஏன்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. இரண்டிலும் சேர்த்து 23 பிள்ளைகள். ஏ முதல் இசட் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். போர்டில் எழுதிப் போட்டால் கர்சிவில் அச்சுப்போலப் பார்த்து எழுதுவார்கள். ஆனால் பாடத்தில் இல்லாத ஒரு சின்ன வார்த்தையைக் காட்டினால் வாய் திறப்பதில்லை. டிக்டேஷன் போட்டால் எழுத்து தாறுமாறாக வருகிறது. ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். ஒரு பையன் எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் போடுகிறான். வீட்டில் தமிழ், உருது, தெலுங்கு பேசுகிறவர்கள் கலந்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

— ஓர் ஆசிரியை, வேலூர் மாவட்டம்

பதில்: வணக்கம் டீச்சர். நீங்கள் அனுப்பிய டிக்டேஷன் பக்கத்திலிருந்தே தொடங்கலாம், பாதி விடை அதில் இருக்கிறது. 'பெரிய' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை 'பன்றி' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போட்டு, நடுவில் ஐ போட்டு, கடைசியில் கே போட்டிருக்கிறது. நீங்கள் அதைச் சிவப்பு மையில் சுழித்து 'கவனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையிடம் கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்ததை ஒரு தமிழ்க் காது எப்படிப் பிரிக்குமோ அப்படியே பிரித்து எழுதியிருக்கிறது. 'பெரிய பன்றி' என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'பிக் பிக்' என்றுதான் வரும். நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்றே.

தமிழில் ப என்ற ஒரே எழுத்து 'பல்' என்னும்போது வன்மையாகவும் 'அம்பு' என்னும்போது மென்மையாகவும் ஒலிக்கிறது. 'கல்', 'சங்கு' இரண்டிலும் க அப்படித்தான். 'பட்டம்', 'வண்டி' இரண்டிலும் ட அப்படித்தான். ஒலி எங்கே மாறும் என்பதை இடமே சொல்லிவிடுகிறது: மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் மெலியும், இரட்டித்தால் வலுக்கும். அதனால் இரண்டு எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. பிள்ளையின் காதும் 'இந்த வித்தியாசம் முக்கியமில்லை' என்று ஐந்து வயதுக்குள் பழகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இடம் உதவாது. வித்தியாசம் போனால் பொருளே மாறிவிடும்.

உங்கள் வகுப்பில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இந்தக் குறிப்பிட்ட பிழையைச் செய்தவர்களின் பெயரை எழுதி, அவர்களின் வீட்டு மொழியைப் பக்கத்தில் குறியுங்கள். உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் அநேகமாக அந்தப் பட்டியலில் குறைவாக இருப்பார்கள். அந்த மொழிகளில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, காது ஏற்கெனவே பிரித்துக் கேட்கிறது. 'கலப்பு வகுப்பு' என்று நீங்கள் கவலைப்படுகிற விஷயம் இந்த இடத்தில் கைகொடுக்கும். காதுப் பயிற்சியில் அவர்களை முன்னால் நிறுத்துங்கள்.

இனி எழுதுவதற்கு வசதியாக ஓர் ஏற்பாடு. ஆங்கிலத்தில் 'பி' என்று நாம் சொல்லும் இரண்டு எழுத்தில் ஒன்றைப் பேனா எழுத்து என்றும் மற்றதைப் பஸ் எழுத்து என்றும் சொல்கிறேன். 'டி' இரண்டையும் டிக்கெட் எழுத்து, டாக்டர் எழுத்து என்கிறேன். வகுப்பிலும் இந்தப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பேனா, பஸ், டிக்கெட், டாக்டர் நான்கையும் வீட்டிலேயே சரியாகத்தான் உச்சரிக்கிறார்கள். வாய்க்குத் தெரிந்ததைக் காதுக்கும் கைக்கும் கொண்டுவர வேண்டும், அவ்வளவே.

முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடம் புத்தகம், நோட்டு எதுவும் வேண்டாம். காது மட்டும். 'குடிக்கிற பால்', 'கிரிக்கெட் பால்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர், ஒரு பந்து மேசையில் இருக்கட்டும். உங்கள் வாயை நோட்டால் மறைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளை சரியான பொருளைத் தொட வேண்டும். வாயை மறைப்பது உதட்டைப் பார்த்து ஊகிக்காமல் இருக்க மட்டுமல்ல, உங்கள் முகக்குறிப்பிலிருந்து விடை பிடிக்காமல் இருக்கவும்தான். அடுத்த நாள் 'போலீஸ் கேஸ்', 'சிலிண்டர் கேஸ்'. இதைப்போல் நல்ல இணை கிடைப்பது அரிது. அதற்கடுத்து 'டிக்கெட்', 'டிக்கி'. ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒரே வரிசையில் மாற்றி மாற்றி இல்லாமல் கலைத்துச் சொல்லுங்கள். பத்தில் எட்டு சரியாகத் தொடும்வரை அந்தப் பிள்ளைக்கு அந்த இணையை விட வேண்டாம். பிறகு கழுத்தில் இரண்டு விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பஸ் என்னும்போது உதடு திறக்கும் முன்பே தொண்டை அதிரும். பேனாவில் உதடு திறந்த பிறகுதான் அதிரும். எல்லாப் பிள்ளைக்கும் இது விரலில் பிடிபடாது. பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள், டம்ளரும் பந்தும் போதும்.

இரண்டாவது முடிச்சு எழுத்தின் பெயர். 'சி-ஏ-டி, கேட்' என்று நூறு முறை ஒப்பித்த பிள்ளை அந்தச் சொல்லைப் பாட்டாகத்தான் கற்றிருக்கிறது. சி, ஏ, டி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பூனை எங்கேயும் வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. டபிள்யூ என்ற பெயரில் அதன் ஒலியே இல்லை. தமிழில் அ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. அதனால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. 247 எழுத்தைக் கற்ற பிள்ளைக்கு 26 எழுத்து பாரமில்லை. அந்த 26 எழுத்து ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமப்பதுதான் பாரம்.

ஒலியைச் சொல்லிக் கொடுக்கும் பல டீச்சர்களும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ம, ஸ, ட' என்று அகரம் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது. அப்படிச் சொன்னால் சேர்க்கும்போது 'ம-ஏ-ட' என்று வரும், சொல் வராது. புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள்: ம், ஸ், ட். இதை விளக்கத் தனி முயற்சி வேண்டாம், தமிழ் வகுப்பில் க் + ஆ = கா என்று அவர்கள் கற்றது இருக்கிறதே. 'தமிழில் க், ஆ இரண்டும் கைகோத்து ஒரே எழுத்தாக நிற்கும். ஆங்கிலத்தில் கைகோக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்' என்று ஒருமுறை போர்டில் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் இலக்கணம் எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். நாளைக்கு ஐந்து பேர் என்றால் ஒரு வாரத்தில் முடியும். ஒரு தாளில் 26 சிறிய எழுத்துகளையும் வரிசை கலைத்து எழுதி, பெயர் கேட்காமல் ஒலி கேளுங்கள். பிறகு மூன்றெழுத்துச் சொற்கள் பத்து. பிறகு அர்த்தமே இல்லாத சொற்கள் ஐந்து: 'மிப்', 'நிம்', 'நிஸ்' என்று குறில் ஒலியில் நீங்களே உருவாக்கலாம், உண்மையான சொல்லாக மட்டும் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தும்தான் உண்மையைச் சொல்லும். முந்தைய பத்தைப் படித்து இந்த ஐந்தில் தடுமாறுகிற பிள்ளை மனப்பாடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாக இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மூன்று வரி. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளைக் கற்கும் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகியவர் நீங்கள். அதேபோல மூன்று குழுவாக்குங்கள், ஆனால் வகுப்பு பார்க்க வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார்ந்தால் குறைந்துவிடாது.

எழுத்துகளை ஏ, பி, சி வரிசையில் எடுக்காதீர்கள். முதல் வாரம் எம், ஏ, எஸ், டிக்கெட் எழுத்து, ஐ, என் ஆகிய ஆறு. காரணம் இரண்டு. எம், எஸ், என் மூன்றையும் மூச்சுள்ளவரை இழுக்கலாம், இழுக்க முடிகிற ஒலிதான் அடுத்த எழுத்தோடு எளிதில் ஒட்டும். இரண்டாவது, இந்த ஆறே எழுத்தில் மனிதன், பாய், தகரடப்பா, உட்கார், உட்கார்ந்தது, எறும்பு, புதினா என்று பதினைந்து சொற்களுக்கு மேல் கிடைக்கும். முதல் வெள்ளிக்கிழமையே பிள்ளை புதுச் சொல் படிக்கும். அடுத்த வாரம் பேனா எழுத்து; வரைபடம், குழாய், குண்டூசி, சட்டி எல்லாம் சேரும். பிறகு ஓ, சி, கே, எல், ஹெச். பஸ் எழுத்தைப் பேனா எழுத்துக்கு இரண்டு வாரமாவது தள்ளி வையுங்கள். ஒன்று உறுதிப்படும் முன் மற்றதைக் கொண்டுவந்தால் இரண்டும் கலைந்துவிடும். டாக்டர் எழுத்தும், ஜி எழுத்தும் அப்படியே தள்ளி.

ஏ எழுத்தின் குறில் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. 'மேன்' என்று எழுதுகிறோம், 'ஆப்பிள்' என்று எழுதுகிறோம், இரண்டிலும் இருப்பது ஒரே ஒலிதான். 'எ' சொல்லிக்கொண்டே தாடையை இன்னும் ஒரு விரல் அகலம் இறக்கச் சொல்லுங்கள், அந்த ஒலி கிடைக்கும். ஈ எழுத்தின் குறில் ஒலி இதற்கு மிக அருகில் இருப்பதால் அதை ஐந்தாம் வாரத்துக்கு முன் எடுக்காமல் இருப்பது நல்லது. கட்டிலும் மட்டையும் குழம்புவது இங்கேதான்.

இப்போது சேர்த்துப் படித்தல். 'சிட்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் போர்டில் பெரிதாக எழுதி, எஸ்ஸுக்குக் கீழே விரல் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள். இழுப்பை நிறுத்தாமலே விரலை ஐக்கு நகர்த்தி 'ஸ்ஸ்ஸ்இஇ', அப்படியே டிக்கெட் எழுத்தில் இடித்து 'ட்'. விரல் நகரும்போது மூச்சு அறுபடக் கூடாது. பெரும்பாலும் தோற்பது இங்கேதான். 'ஸ்... இ... ட்' என்று இடைவெளி விட்டுச் சொல்லும் பிள்ளை, கடைசிக்கு வருவதற்குள் முதல் ஒலியை மறந்துவிட்டு வாய்க்கு வந்த ஏதோ ஒரு சொல்லைச் சொல்லும். அப்படிச் சொன்னால் நீங்கள் சரியான சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். தவறிய எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, 'இது என்ன சத்தம்?' என்று மட்டும் கேளுங்கள். பிறகு முதலிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, படிக்கும் பக்கத்தில் படம் இருந்தால் கையால் மறையுங்கள். படம் பார்த்து ஊகிக்கிற பிள்ளை எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

எழுதுவதற்குப் புளியங்கொட்டை. தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டு ஆளுக்கு நாலு கொட்டை கொடுங்கள். நீங்கள் சொல்லைச் சொன்னதும் ஒலிக்கு ஒரு கொட்டையைக் கட்டத்தில் தள்ள வேண்டும். தள்ளி முடித்த பிறகு கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுத்து. நான்காவது கொட்டையை ஏன் கொடுக்கச் சொல்கிறேன் என்றால், தமிழ்ப் பிள்ளை பல சமயம் அதையும் தள்ளும். பஸ்ஸு, கப்பு, பென்னு என்று கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பது நம் வாய்ப் பழக்கம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது அல்லவா. அதனால்தான் நோட்டில் 'பஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு யூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்காவது கொட்டை நகர்ந்தால் காரணம் உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். 'ஒரே தட்டு' என்று ஒருமுறை கை தட்டிச் சொல்லவையுங்கள், இரண்டாம் தட்டு வந்தால் உகரம் வந்துவிட்டது.

டிக்டேஷனைத் தேர்வாக வைக்காமல் பயிற்சியாக வையுங்கள். தினம் ஆறு சொல், ஒரு வாக்கியம். நீங்கள் இரண்டு முறை சொல்ல, பிள்ளைகள் ஒரு முறை சத்தமாகத் திருப்பிச் சொல்லி, விரல் மடக்கி ஒலி எண்ணி, பிறகு எழுதி, எழுதியதை விரல் வைத்துத் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும். 'தப்பானதைப் பத்து முறை எழுது' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். நாலாவது முறையிலிருந்து கைதான் எழுதுகிறது. அதைவிடத் தப்பைப் படிப்பது பலன் தரும். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் ஒருவர் 'மனிதன்' என்பதற்கு எம், என் இரண்டு எழுத்து மட்டும் எழுதியிருக்கிறார். மெய்க்குள் உயிர் இருப்பதாகத் தமிழ்க் கணக்கில் எண்ணுகிறார். அவருக்குக் கட்டமும் கொட்டையும் மறுபடி வேண்டும். 'முட்டை'க்கு முன்னால் வொய் போட்டவர் 'யெக்' என்று சொல்கிறவர். நாம் 'எலி' என்பதையே 'யெலி' என்றுதானே சொல்கிறோம். 'ஸ்கூல்' என்பதற்கு ஐ போட்டுத் தொடங்கியவர் 'இஸ்கூல்' என்கிறார். அவரை 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பாகச் சீறவிட்டு, பிறகு 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் நோட்டில் எந்தப் பிழை எத்தனை பேருக்கு என்று கோடு போட்டு எண்ணினாலே அடுத்த வாரப் பாடம் தானாக அமையும்.

பாடப்புத்தகத்துக்கு வெளியே உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அருமையான பாடம் இருக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பார்கள். தமிழில் 'காட்பாடி' என்பதில் ட் என்றும் டி என்றும் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறது. ஆங்கில வரியில் முதல் இடத்தில் டிக்கெட் எழுத்து, இரண்டாவது இடத்தில் டாக்டர் எழுத்து. அந்த ஒரு பலகையில் நான் மேலே சொன்னது முழுவதும் அடங்கிவிட்டது. பேரணாம்பட்டு என்ற பெயரில் முதல் ப-வுக்குப் பேனா எழுத்து, ம்-க்குப் பின்னால் வரும் ப-வுக்குப் பஸ் எழுத்து. ஆம்பூரில் பஸ், ராணிப்பேட்டையில் பேனா. வேலூர், வாலாஜா இரண்டும் தமிழில் வ. பலகையில் வேலூருக்கு வி, வாலாஜாவுக்கு டபிள்யூ. ஐந்து ஊர்ப் பெயர்களை அட்டையில் இரு மொழியிலும் எழுதி ஒட்டி, ஒரே தமிழ் எழுத்துக்கு எங்கே இரண்டு ஆங்கில எழுத்து வருகிறது என்று வட்டமிடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் இது லேசான விஷயமில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. பலகையில் எல்லாம் பெரிய எழுத்து என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. நம் பிள்ளைக்கு 26 அல்ல, 52 வடிவம். சிறிய எழுத்து உறுதியான பிறகே பலகைப் பாடம்.

நேரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் காதுக்கு ஐந்து, பழைய எழுத்து அட்டைகளை வேகமாகக் காட்டிக் கேட்க ஐந்து, சேர்த்துப் படிக்கப் பத்து, கொட்டையும் டிக்டேஷனுமாகப் பத்து, கடைசிப் பத்து தனித்தனியாகப் படிக்க வைத்துக் கேட்க. மூன்று குழு இருப்பதால் நடுவிலுள்ள இருபது நிமிடத்தை நீங்கள் எந்தக் குழுவோடு செலவழிக்கிறீர்களோ அதுதான் அன்று முன்னேறும். அரும்புக் குழுவுக்குத் தினமும் போங்கள், மற்ற இரண்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரம் ஒட்டுமொத்தமாக எடுப்பதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். விடாமல் நடந்தால் மூன்றெழுத்துச் சொல் எட்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட வேண்டும். வராதவர்களுக்கு முதல் ஆறு எழுத்திலிருந்து மீண்டும். அதன் பிறகு இரண்டெழுத்து சேர்ந்து ஒரு ஒலி தருபவை, கடைசியில் ஊமையாக நிற்கும் ஈ. இந்த ஊமை ஈக்கு மட்டும் ஒரு வாரம் முழுதாகக் கொடுங்கள், 'பாய்' என்ற சொல்லின் வாலில் அது வந்து உட்கார்ந்ததும் 'கூட்டாளி' ஆகிவிடுவது பிள்ளைகளுக்கு மந்திர வித்தைபோல இருக்கும்.

ஒலிக்கு அடங்காத சொற்களும் உண்டு. தி, வாஸ், செட் ('சொன்னான்' என்ற பொருளில்), யூ, ஆர் போன்றவை ஒவ்வொரு வரியிலும் வரும். இவற்றை முழு வடிவமாகவே பழக்குங்கள், வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கோரஸாகப் படிப்பது காதுக்கு இனிமை. அதில் நாலு பேர் படிக்கிறார்கள், பத்தொன்பது பேர் வாய் அசைக்கிறார்கள். ஒவ்வொருவரும் விரல் வைத்து முணுமுணுப்பாகப் படிக்கட்டும்; நீங்கள் வரிசைக்குள் நடந்து ஒரு பிள்ளையின் பக்கத்தில் குனிந்து இரண்டு வரி கேட்டுவிட்டு நகருங்கள். நாளைக்கு நாலு பேர் என்றால் ஆறு நாளில் 23 பேரும் முடிந்துவிடும். ஒரே பத்தியை மூன்று நாள் படிக்கவிடுங்கள். முதல் நாள் தட்டித் தட்டி வருவது மூன்றாம் நாள் ஓடும், அந்த ஓட்டம்தான் தைரியம் தருவது. படித்த சொல்லுக்குப் பொருளைத் தமிழில் சொல்லிவிடுங்கள். உருதுப் பிள்ளை தன் மொழியில் சொன்னால் அதுவும் சரிதான். 'இங்கிலீஷ் பீரியடில் இங்கிலீஷ் மட்டும்' என்பது ஆய்வாளர் வரும் நாளில் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சொந்தமாக எழுதத் தொடங்கும்போது எழுத்துப் பிழையைவிட வாக்கியம்தான் தொல்லை. தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் 'நான் இட்லி தின்றேன்' அதே வரிசையில் ஆங்கிலத்தில் இறங்கும். இன்னொன்று, 'அவர் டாக்டர்' என்று நாம் சொல்லி நிறுத்திவிடுகிறோம், நடுவில் எதுவும் தேவையில்லை. பிள்ளையும் நடுவில் வர வேண்டிய 'இஸ்'ஸை விட்டுவிடும். இலக்கணம் விளக்க வேண்டாம். சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி, வினை அட்டைக்கும் 'இஸ்' அட்டைக்கும் மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள். மஞ்சள் அட்டை இரண்டாவதாக நிற்க வேண்டும் என்பது மட்டுமே விதி. ஆட்டுக்குட்டி, தறி, லுங்கி, பாலாறு, முள்ளுக் கத்திரிக்காய் என்று அவர்கள் பார்க்கிற பொருளைப் பற்றி நாளைக்கு இரண்டு வாக்கியம். திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அடுத்த நாள் பிள்ளை ஒரே ஒரு வாக்கியம் எழுதும், அதுவும் பார்த்து எழுதியதாக இருக்கும்.

கர்சிவ் பற்றிப் பெற்றோரிடம் பேச வேண்டியிருக்கும். பாடப்புத்தகம் அச்செழுத்தில் இருக்கிறது, பிள்ளை எழுதுவது வேறு வடிவம். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. கர்சிவில் ஒரு சொல் ஒரே கோடாக ஓடுவதால் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் சித்திரமாக வரைகிறார்கள். மூன்றெழுத்துச் சொல்லைப் படிக்கிறவரைக்கும் நாலு வரி நோட்டில் தனித்தனி எழுத்தாகவே எழுதட்டும். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பத்து நிமிடம் கர்சிவ். பெற்றோர் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, ஒரு பிள்ளையை அவர்கள் முன்னால் புதுச் சொல் ஐந்து படிக்கவைத்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாயங்காலம் ஐந்து நிமிடம் பிள்ளை விரல் வைத்துப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, எழுத்தைத் திருப்பிப் போடும் பையன். இது மேலே சொன்ன ஒலிக் குழப்பம் அல்ல, வடிவக் குழப்பம். ஏழெட்டு வயதுவரை பல பிள்ளைகள் பஸ் எழுத்தையும் டாக்டர் எழுத்தையும் இடம் மாற்றுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. இவன் நான்காம் வகுப்பு என்பதால் கவனிக்கலாம். இரண்டையும் வெவ்வேறு அசைவாகப் பழக்குங்கள். டாக்டர் எழுத்து சி-யைப்போல வளைவில் தொடங்கும், பிறகுதான் கோடு. பஸ் எழுத்து மேலிருந்து இறங்கும் கோட்டில் தொடங்கும், பிறகுதான் வயிறு. ஒரு தட்டில் ஈர மணல் பரப்பி விரலால் தினம் பத்துப் பத்து முறை, ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. நினைவுக்கு, இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக் கட்டைவிரலைத் தூக்கி முகத்துக்கு நேரே சேர்த்து வைத்தால் ஒரு கட்டில் தெரியும். இடக்கை பஸ், வலக்கை டாக்டர். கட்டிலுக்கான ஆங்கிலச் சொல்லும் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்கி முடிகிறது.

அவனுடைய கண்ணையும் காதையும் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் ஒருமுறை காட்டுங்கள். காதில் சீழ் வடிந்த பிள்ளைக்குப் பேனாவும் பஸ்ஸும் ஒரே மாதிரி கேட்கக்கூடும். பிறகு அவன் தமிழ் எப்படிப் படிக்கிறான் என்று பாருங்கள். தமிழிலும் எழுத்துக்கூட்டத் திணறுகிறான், ர-வையும் ந-வையும் மாற்றுகிறான் என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை வரச் சொல்லி ஒரு மதிப்பீடு செய்துவிடுவது நல்லது. தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கிறான் என்றால் மணல் தட்டும் கட்டைவிரலும் போதும், ஒரு பருவத்துக்குள் சரியாகிவிடும்.